வியன்னாவின் பழம்பெரும் ஹோட்டலில் தங்க ஒரு முழுமையான வழிகாட்டி: முன்பதிவு முதல் கடைசி பில் வரை

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஸாஹர், இம்பீரியல், கிராண்ட் ஆகிய மூன்று பழைய சொகுசு ஹோட்டல்களும் ஸ்டேட் ஓபரா என்ற இசை நாடக அரங்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. சாதாரண டபுள் ரூமே ஒரு இரவுக்குப் பல நூறு யூரோ ஆகும். வாழ்க்கையில் ஒரு முறை, கல்யாண நாளுக்கோ அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கோ என்று காசு சேர்த்து நம்மவர்கள் போகிறார்கள். போய்விட்டு வந்து, “ரூம் நல்லா இருந்தது, ஆனா நாங்க ரூம்லயே இல்லையே” என்கிறார்கள். கொடுத்த பணத்தில் பாதி அங்கேயே வீணாகிவிட்டது.

நானும் முதல் தடவை அப்படித்தான் தவறவிட்டேன். அப்புறம் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஏற்பாடு செய்துகொடுத்ததில் ஒன்று தெளிவானது: இந்த ஹோட்டல்களில் தங்குவது நன்றாக அமைவதும் அமையாததும் போய்ச் சேருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் கீழே உள்ளதில் பெரும்பகுதி புறப்படும் முன் செய்ய வேண்டியது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் நாட்களைத் தேர்ந்தெடுங்கள், ஹோட்டலை அப்புறம்

இரண்டு இரவு எடுங்கள். ஒரே இரவு என்றால் மதியம் 3 மணிக்குச் சாவி வாங்கி, மறுநாள் காலை 11 அல்லது 12 மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் தூங்கும் நேரத்தைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. இரண்டு இரவு எடுத்தால் நடுவே ஒரு முழு நாள் கிடைக்கும். நீங்கள் காசு கொடுப்பது அந்த நாளுக்குத்தான். மூன்றாவது இரவுக்குப் பணம் இருந்தால், அதை ஓபரா டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

அந்த இரண்டு இரவையும் பயணத்தின் கடைசியில் வையுங்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். சென்னையிலிருந்து வியன்னாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ வளைகுடா வழியாகவோ மாறித்தான் போக வேண்டும். தூக்கம் கெட்ட கண்ணோடு காலையில் போய் இறங்கினால், அறை தயாராக 3 மணி ஆகும். அன்று சாயங்காலம் 7 மணிக்கே கண் சொருகும். அவ்வளவு விலை கொடுத்த முதல் இரவு தூக்கத்திலேயே போய்விடும். முதல் சில நாட்கள் சாதாரண ஹோட்டலில் தங்கி, உடம்பு அங்கத்திய நேரத்துக்குப் பழகியதும் இங்கே மாறுங்கள்.

எந்த மாதம்? ஸ்டேட் ஓபராவின் பருவம் செப்டம்பரிலிருந்து ஜூன் வரை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே ஓபரா நிகழ்ச்சி இல்லை. பள்ளி விடுமுறையோடு சேர்த்து ஜூலையில் போனால், பக்கத்திலேயே இருக்கும் அரங்கில் ஒரு ஓபராவும் பார்க்க முடியாது. புத்தாண்டு இசைக் கச்சேரி நடக்கும் வாரத்தையும், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழனன்று நடக்கும் ஓபரா நடன விழாவையும் தவிருங்கள். அந்த நாட்களில் வாடகை எகிறும், அறையும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அதனால் கடைக்குப் போவதென்றால் முழு நாள் ஞாயிறாக அமையாமல் பாருங்கள். ஹோட்டலிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் நல்ல நாள்.

2. விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய முன்பதிவு மட்டும்

ஒவ்வொரு அறைக்கும் பெரும்பாலும் இரண்டு விலை இருக்கும். மலிவானது முழுப் பணமும் முன்கூட்டியே கட்டுவது. ரத்து செய்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. மற்றது சில நாட்கள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யலாம். விசா கையில் வரும்வரை இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். மிச்சமாகும் 10, 15 சதவீதத்துக்கு ஆசைப்பட்டு மொத்தத்தையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்திரியா உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஹோட்டல் வியன்னாவில் என்பதற்காக ஆஸ்திரியத் தூதரகத்துக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். நாட்களை எண்ணிப் பாருங்கள்.

முன்பதிவில் தங்கப்போகும் எல்லோருடைய பெயரும், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். விசா அலுவலகம் ஒவ்வொருவரின் தங்குமிடத்துக்கும் சான்று கேட்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நமக்கே உரியது. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், சிலருக்குக் காலியாகவே இருக்கும். கணவன் ஒரு பெயர், மனைவி வேறு பெயர்.

ஒரு முறை ரிசப்ஷனில் நான் என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் கணினியில் தேடினார், இல்லை. மறுபடி எழுத்து எழுத்தாகச் சொன்னேன், இல்லை. என் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். முன்பதிவு காகிதத்தை எடுத்து நீட்டிய பிறகுதான் தெரிந்தது: அறை என் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. “வணக்கம், உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்” என்று அப்பாவின் பெயரைச் சொல்லி அந்தப் பெண் என்னை வரவேற்றார். அப்பா இந்த மாதிரி ஒரு வாசலை மிதித்ததே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால் முன்பதிவு காகிதத்தை அச்சடித்து, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கையில் வைத்திருங்கள். ஆஸ்திரியச் சட்டப்படி தங்குகிற எல்லோரையும் ஹோட்டல் பதிவு செய்ய வேண்டும். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள்.

3. அறை வகையின் பெயரைப் பார்க்காதீர்கள், அறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

புதிய ஹோட்டலில் ஒரே வகை அறைகள் எல்லாம் ஒரே அச்சு. பழைய கட்டடத்தில் அப்படி இல்லை. இம்பீரியல் 1863இல் ஒரு பிரபுவின் மாளிகையாகக் கட்டப்பட்டு, 1873இல் ஹோட்டலானது. மாளிகையில் எஜமானர் வாழ்ந்த தளத்துக்கு ‘பெலடாஷ்’ என்று பெயர். கூரை மிக உயரம், ஜன்னல்கள் பெரிது. மேலே போகப் போகக் கூரை தாழும். உச்சித் தளங்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் மாற்றியோ சேர்த்தோ கட்டியவை. ‘மேல் மாடி, நல்ல காட்சி’ என்று நாம் கேட்டு வாங்குவது, நாம் தேடிப்போன பழைய அழகு குறைவாக உள்ள அறையாக இருக்கலாம்.

அடுத்தது தெருப்பக்கமா, உள்முற்றப் பக்கமா என்பது. தெருப்பக்கம் காட்சி உண்டு, டிராம் ஓசையும் உண்டு. உள்முற்றத்து அறை மலிவு, அமைதி, ஆனால் எதிர்ச் சுவர்தான் தெரியும். வயதானவர்கள் கூட வந்தால் தயங்காமல் உள்முற்றத்தைத் தேர்ந்தெடுப்பேன். இரண்டு பேர் மட்டும், ஓபராவுக்காகவே போகிறீர்கள் என்றால் காட்சிக்குக் கூடக் கொடுக்கலாம்.

கட்டில் பற்றியும் கேட்க வேண்டும். அங்கே டபுள் என்பது பல இடங்களில் இரண்டு மெத்தைகளை ஒட்டிப் போட்டது. போர்வையும் ஆளுக்கு ஒன்று. நடுவில் குழந்தையைப் படுக்கவைத்தால் இடுக்கில் இறங்கும்.

குளியலறையில் தொட்டி மட்டுமா, தனி ஷவரும் உண்டா என்று கேளுங்கள். உயரமான தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆபத்து. கழிப்பறையில் நம் ஊர்க் கைக்குழாய் இருக்காது. இதற்கென ஒரு சிறிய பயணக் குவளை எடுத்துப்போனால் போதும்.

4. பத்து நாள் முன்பு ஒரு மின்னஞ்சல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

எந்த விருந்தினருக்கு எந்த அறை என்பதை வருகைக்குச் சில நாட்கள் முன்புதான் ஒதுக்குவார்கள். அதற்கு முன் உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால், ஒதுக்குகிறவர் அதைப் பார்த்து ஒதுக்குவார். வாசலில் வந்து கேட்டால், மிச்சம் இருப்பதைத்தான் தர முடியும். பயண இணையதளம் வழியாகப் பதிவு செய்து, அங்கே ‘சிறப்பு வேண்டுகோள்’ பெட்டியில் எழுதியதை மட்டும் நம்பாதீர்கள். ஹோட்டலின் சொந்த முகவரிக்கு நேரே எழுதுங்கள்.

கடிதம் சுருக்கமாக, எளிய ஆங்கிலத்தில் இருந்தால் போதும். முன்பதிவு எண், வந்து சேரும் நேரம், எதற்காக வருகிறீர்கள் என்று தொடங்குங்கள். ‘என் பெற்றோரின் நாற்பதாவது திருமண நாள்’ என்று ஒரு வரி எழுதுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த ஊழியர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிய அதுதான் வழி, தெரிந்தால் அவர்கள் மனதாரச் செய்வார்கள். அப்புறம் கேட்க வேண்டியவை: அமைதியான அறை, லிஃப்டுக்குப் பக்கம், தனி ஷவர், வெந்நீர் கெட்டில்.

சர்க்கரைக்கு இன்சுலின் எடுத்துக்கொள்பவர் இருந்தால், மருந்துக்கென்று தனியாகச் சிறிய ஃப்ரிட்ஜ் கேளுங்கள். மினிபாரில் வைக்காதீர்கள். சில மினிபார்களில் பொருளை நகர்த்தினாலே கணக்கில் ஏறும். குளிர்ச்சியும் மருந்துக்கு ஏற்ற அளவில் நிலையாக இருக்கும் என்று நம்ப முடியாது.

சைவம் என்றால் வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்று எழுதினால் போதாது. அங்கே அந்தச் சொல்லில் முட்டை அடக்கம். ‘இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்; இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம்’ என்று பிரித்து எழுதுங்கள். ஃப்ரிட்டாட்டன் சூப் என்று ஒன்று உண்டு. தெளிந்த சாறில் தோசையைக் கீறிப் போட்டது போல மிதக்கும். பார்க்கச் சைவம்தான், அந்தச் சாறு மாட்டிறைச்சியில் எடுத்தது. ஸாஹர் டார்ட் என்ற புகழ்பெற்ற சாக்லேட் கேக்கிலும் முட்டை உண்டு.

பதில் வந்ததும் நன்றி சொல்லி, பதில் எழுதியவரின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்பு ஒரு வரி நினைவூட்டல் போதும்.

5. பணத்தில் மூன்று முன்னேற்பாடுகள்

கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். இந்தியக் கார்டுகளில் அதை நாமே திறந்துவிட வேண்டும். வரம்பும் அங்கேயே இருக்கும். ஓடிபி வரும் சிம் அங்கே ரோமிங்கில் வேலை செய்ய வேண்டும்.

வாடகை போக, செலவுக்கு முன்பணம் என்று ஒரு தொகையை செக்-இன் சமயத்தில் கார்டில் பிடித்துவைப்பார்கள். பணம் போகாது, முடங்கும். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ கொடுத்தால், அறையைக் காலி செய்த பிறகும் அந்தத் தொகை திரும்பப் பல நாள் ஆகலாம். அதனால் பிடித்துவைக்க கிரெடிட் கார்டு, வெளிச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கையில் 1, 2 யூரோ நாணயங்களும் 5 யூரோ நோட்டுகளும் வேண்டும். பெட்டி தூக்கி வருபவருக்குப் பெட்டிக்கு 1 அல்லது 2 யூரோ. 50 யூரோ நோட்டை வைத்துக்கொண்டு சில்லறை தேடி நிற்பது இரண்டு பேருக்கும் சங்கடம்.

6. போய்ச் சேரும் நாள்

விமான நிலையத்திலிருந்து நேரே வந்தால், மத்திய ரயில் நிலையத்துக்கு ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் சுமார் 15 நிமிடம். அங்கிருந்து யு1 மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் கார்ல்ஸ்ப்ளாட்ஸ், ஓபரா அங்கேதான். சிஏடி என்ற தனி ரயிலும் 16 நிமிடத்தில் நகருக்குள் கொண்டுவிடும், ஆனால் கட்டணம் மிக அதிகம். நேரத்தில் பெரிய லாபம் இல்லை. பெரிய பெட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் டாக்சி.

வாசலில் பெட்டியை விட்டுவிடுங்கள். நம் கை அனிச்சையாகப் பெட்டியை இழுக்கும். வாசலில் நிற்பவரின் வேலை அது, அதைச் செய்வதில் அவருக்குப் பெருமை உண்டு. பாஸ்போர்ட், மருந்து, நகை உள்ள கைப்பை மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

அறை தயாராகவில்லை என்றாலும் காலையிலேயே போகலாம். பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே நுழைந்ததும் ‘க்ரூஸ் காட்’ என்று சொல்லுங்கள். அந்த ஊர் வணக்கம் அதுதான். லிஃப்டில் யாரையாவது பார்த்தாலும் சொல்வார்கள், நாமும் சொல்ல வேண்டும்.

அறையைக் காட்ட ஒருவர் கூட வருவார். அவர் போகும் முன்பே வெந்நீர், ஏசி, சத்தம் மூன்றையும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பெட்டியைத் திறக்கும் முன் பணிவாகச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்துப் போட்டு, குளித்துவிட்டு, ராத்திரி 9 மணிக்குச் சொன்னால் அவர்களுக்கும் வழியில்லை.

பிளக் விஷயம்: அங்கே 230 வோல்ட், நம்முடைய இரண்டு முனை சார்ஜர் அப்படியே பொருந்தும். மூன்று முனை என்றால் அடாப்டர் வேண்டும்.

7. கான்சியர்ஜிடம் முதல் நாளே போங்கள்

விருந்தினர்களுக்கு ஆலோசனை சொல்லி, டிக்கெட் போன்றவற்றை ஏற்பாடு செய்து தரும் ஹோட்டல் ஊழியர்தான் கான்சியர்ஜ். அவருடைய கோட்டுக் காலரின் இரண்டு பக்கமும் குறுக்காக வைத்த தங்கச் சாவிகள் சின்னமாக இருக்கும். லே க்ளே தோர் என்ற கான்சியர்ஜ் சங்கத்தின் அடையாளம் அது. நீங்கள் கொடுக்கும் வாடகையில் இவருடைய நேரமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் நம்மவர்கள் இவரிடம் போவதே இல்லை, காசு கேட்பாரோ என்ற பயத்தில். ஆலோசனைக்குக் காசு இல்லை. கஷ்டப்பட்டு ஏதாவது வாங்கிக் கொடுத்தால் டிப்ஸ் கொடுக்கலாம்.

‘என்ன பார்க்கலாம்’ என்று கேட்காதீர்கள். ‘அம்மாவுக்கு 500 மீட்டருக்கு மேல் நடக்க முடியாது, மாலை 4 மணிக்குள் திரும்ப வேண்டும், எங்கே போகலாம்’ என்று கேளுங்கள். கேள்வி எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ, பதில் அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஓபரா டிக்கெட்டை மட்டும் ஊரிலிருந்தே அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பாருங்கள். அங்கே இல்லை என்றால் கான்சியர்ஜ். ஓபரா வாசலில் மொஸார்ட் காலத்து விக்கும் நீண்ட கோட்டும் போட்டு டிக்கெட் விற்கிறவர்கள், வேறு அரங்குகளில் நடக்கும் சுற்றுலாக் கச்சேரிகளுக்கு விற்கிறார்கள். ஸ்டேட் ஓபரா என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

கையில் இருந்த பணம் ஹோட்டலுக்கே தீர்ந்துவிட்டதா? நின்று பார்க்கும் டிக்கெட் இருக்கிறது, அமரும் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் மிகச் சொற்ப விலை. உள்ளே போனதும் தன் இடத்துக் கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டி இடம் பிடிப்பது அங்கே பழைய வழக்கம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். என் பெரியம்மா தன் காஞ்சிப் பட்டுச் சேலைக்கு மேல் போட்டிருந்த சால்வையைக் கட்டினார். பக்கத்தில் நின்ற வியன்னாக்காரர் அந்தச் சால்வையின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தார்.

உடை பற்றி ஒரு வார்த்தை: பட்டுச் சேலை அங்கே எந்தக் கவுனுக்கும் குறைந்ததல்ல. தயங்காமல் கட்டுங்கள். ஓபராவில் குளிர்கோட்டை அதற்கான அறையில் கொடுத்துவிட வேண்டும்.

8. நடுவில் உள்ள முழு நாள்: ஹோட்டலில் இருங்கள்

அன்று மதியம்வரையாவது வெளியே போக வேண்டாம். ஷோன்ப்ரூன் அரண்மனையை மற்ற நாட்களில் பார்த்துக்கொள்ளலாம்.

காலை உணவு வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பதிவிலேயே பாருங்கள். தனியாக என்றால் நபருக்கு 40 யூரோவைச் சுலபமாகத் தாண்டும். சேர்ந்திருந்தால் 8 மணிக்கு அவசரமாகச் சாப்பிட்டு ஓடாமல், 9 மணிக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். முட்டை, அப்பம் போன்ற சூடான பண்டங்களைச் சொன்னால் செய்து தருவார்கள். மேஜையில் பரப்பியிருப்பது மட்டும்தான் என்று நினைத்துக் கேட்காமல் வந்துவிடுகிறோம்.

மாலையில் காபி. ‘மெலாஞ்ஷ்’ என்று கேட்டால் பால் நுரையோடு வரும், நம் நாக்குக்கு அதுதான் கிட்டத்தில். சிறிய வெள்ளித் தட்டில் கோப்பையும், ஒரு கிளாஸ் தண்ணீரும், கிளாஸின் வாய்மேல் குறுக்கே வைத்த கரண்டியும் வரும். குடித்து முடித்தாலும் எழுந்திரு என்று யாரும் பார்வையால்கூடச் சொல்ல மாட்டார்கள். ஸாஹர் காபிக் கடைக்கு வெளியே வரிசை நீளம். அங்கே தங்குகிறவர்கள் கான்சியர்ஜிடம் சொல்லி நேரம் கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள். வியன்னாவின் குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருவது, அப்படியே குடிக்கலாம்.

ஸ்பாவில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்திரியாவில் சானா என்ற வெப்பக் குளியல் அறைக்குள் ஆணும் பெண்ணும் சேர்ந்து, உடை இல்லாமல், துண்டு விரித்து உட்காருவதுதான் வழக்கம். நீச்சலுடையோடு போவதைத்தான் தவறாகப் பார்ப்பார்கள். குடும்பத்தோடு கதவைத் திறப்பதற்கு முன், பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, என்ன விதி என்று வரவேற்பில் கேட்டுவிடுங்கள்.

9. பில்லை முந்தின இரவே வாங்கிப் பாருங்கள்

காலையில் வரிசை இருக்கும், ரயிலுக்கு நேரமாகும், பார்க்காமலே கையெழுத்துப் போடுவோம். முந்தின இரவு கேட்டால் அச்சடித்துத் தருவார்கள். மினிபார், சலவை, ரூம் சர்வீஸ் மூன்றையும் சரிபாருங்கள். நகர வரி தனி வரியாக இருக்கும். அது வாடகையின் சதவீதக் கணக்கு, தவறல்ல. சுற்றுலாப் பயணிக்கு வரி திரும்பக் கிடைப்பது கடையில் வாங்கி எடுத்துச் செல்லும் பொருளுக்கு மட்டும். ஹோட்டல் பில்லுக்குக் கிடையாது.

கார்டு மெஷினில் ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், நமக்கு நஷ்டம். ஏடிஎம்மிலும் இதே கதைதான்.

அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒரு நாளைக்குச் சில யூரோ என்று கணக்கிட்டு, தலையணைமேல் ‘நன்றி’ என்று எழுதிய தாளோடு வையுங்கள். வெறும் காசை மேஜையில் விட்டால், நீங்கள் மறந்துவைத்தது என்று நினைத்துத் தொட மாட்டார்கள்.

ஸாஹர் டார்ட் ஊருக்கு வாங்குவதாக இருந்தால் கடைசி நாளில் வாங்குங்கள். மரப்பெட்டியில் வரும், இரண்டு வாரம் தாங்கும். கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் நசுங்கும்.

சாவியைக் கொடுத்த பிறகும் பெட்டிகளைச் சாயங்காலம்வரை அங்கேயே வைத்திருக்கலாம், லாபியில் உட்காரலாம். இரவு விமானம் என்றால், ‘கிளம்பும் முன் முகம் கழுவி உடை மாற்ற இடம் கிடைக்குமா’ என்று காலையிலேயே கேட்டுவையுங்கள். சில இடங்களில் ஸ்பாவின் உடை மாற்றும் அறையைத் திறந்து, துண்டும் கொடுப்பார்கள்.